அடைக்கோழியும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியும்

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டில் கோழியை அடை வைத்தோம். பதினொரு முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்கணும் என்பது எங்க அப்பத்தா காலத்துச் சட்டம். ஏன்னு கேட்டால் அதுக்கே தெரியாது. பழைய மூங்கில் கூடையில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோலைப் பரப்பி, ஓரத்தில் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு மொளகா வத்தல். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பும் கரியும் கிடந்தால் இடி அண்டாது என்பார்கள்.

அக்கா பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். போனில் இதைக் கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. "மாமா, ஒரு இன்குபேட்டர் வாங்கிப் போடுறேன். அம்மா ஏன் இந்த வயசுல கூடையைத் தூக்கிட்டு அலையுது? உங்க ஊர்ல யாரு இப்ப கோழி வளக்குறா?" என்றான். கடைசிக் கேள்விதான் என்னைக் குடைந்தது. ஒரு காலத்தில் எங்க தெருவில் கோழி இல்லாத வீடு கிடையாது. நடுவில் ஒரு முப்பது நாற்பது வருஷம் அந்தச் சத்தமே இல்லை. பிராய்லர் வந்ததால் போச்சு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரணும். வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றுதான் என்று 1868-ல் டார்வின் எழுதி வைத்தார். ரொம்ப நாள் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கோழியின் மரபணுவைப் பார்த்துவிட்டு, மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் சிவப்புக் காட்டுக்கோழியிடம் இருந்து வந்ததில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று சொன்னார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி யார் தெரியுமா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் விடியற்காலையில் கத்துகிறதே, அதேதான். 2021-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்களே, அந்தக் காட்டுக்குள் இன்னமும் மேய்கிறது. தென்னிந்தியாவையும் மேற்கு மலைத் தொடரையும் ஒட்டித்தான் அதன் இருப்பு. உலகத்தில் எந்த மூலையில் மஞ்சள் கால் கோழி நின்றாலும் அதில் நம்ம பக்கத்து ரத்தம் ஒரு சொட்டு இருக்கு என்று நான் டீக்கடையில் பெருமை அடித்துக்கொள்வதுண்டு.

2022-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள், ஏறக்குறைய கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை, வீட்டுக்கோழிக்கு இதுவரை கிடைத்ததில் ஆகப் பழசு என்றார்கள். மனுசன் நெல்லும் தினையும் விதைத்துக் களத்தில் சிந்தினான், காட்டுக்கோழி அதைப் பொறுக்க வந்து அப்படியே தங்கிவிட்டது என்பது அவர்கள் கணிப்பு. இதை ஆராய்ச்சியாளர் வந்து சொல்லணுமா? களத்தில் கம்பு அடிக்கும்போது கோழியை விரட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். சிந்துகிற தானியமும் வீட்டில் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்தில்தான் கோழி இருக்கும். இந்த ரெண்டில் ஒன்று போனாலும் கோழியும் போய்விடும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆட்கள் கோழியை வெறும் குழம்பாக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு கல்லே சாட்சி. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். சேவல் உருவமும் உண்டு, எழுத்தும் உண்டு. ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. ஆனால் அது ஆம்பளைகள் சங்கதி. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பருந்திடம் இருந்து காப்பாற்றிய பெட்டைக்கோழிக்கு எவனும் கல் நட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெட்டைக்கோழி பெண்கள் சொத்து. எங்க வீட்டில் நிலம் தாத்தா பெயரில், மாடும் தாத்தா சொன்ன பேச்சுக்குத்தான். கோழியை மட்டும் அவர் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. முட்டை விற்ற காசு அப்பத்தாவின் சிறுவாட்டுப் பானைக்குள் போய்விடும். கோழி இல்லாதவர்கள் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பார்கள். கோழி ஒருத்தி கொடுப்பாள், வளர்ப்பு இன்னொருத்தி. குஞ்சில் பாதிப் பாதி. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. என் அத்தையின் கல்யாணத்துக்குத் தோடு வாங்கியது அந்தப் பானைக் காசில்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

கோழிக்குத் தீனி பெரிய செலவில்லை. குப்பைமேடு இருக்கிறது, கரையான் இருக்கிறது, களத்தில் சிந்தின கம்பும் சோளமும் இருக்கிறது. செலவு எல்லாம் கண்ணுக்குத்தான். பொரித்த ஒரு மாசத்துக்குக் குஞ்சு மேல் ஒரு கண் இருந்துகிட்டே இருக்கணும். மேலே பருந்து, கீழே கீரி, வேலியோரம் பூனை, காக்கா வேறு. பருந்து நிழல் தரையில் விழுந்ததுமே தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்செல்லாம் றெக்கைக்குள் போய்விடும். நாங்கள் கையைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடுவோம். அந்தி சாய்ந்தால் "பா... பா..." என்று கூப்பிட்டு எண்ணிப் பார்த்து பஞ்சாரத்தைக் கவிழ்க்கணும். கிழவியும் சின்னப் பிள்ளைகளும் பார்க்கிற வேலை இது. வீட்டில் ஆள் இருந்தால் நடக்கும்.

இனிமேல்தான் தீப்பெட்டி. 1922-ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923-ல் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். மழை குறைச்சல், வெயில் ஜாஸ்தி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்தது மருந்து காய வைக்க வரமாகிவிட்டது. பிறகு பட்டாசு, அச்சு என்று வளர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் தொழில் இந்தக் கரிசக்காட்டுக்குச் சோறு போட்டது, நான் மறுக்கவில்லை.

அதே பத்து வருஷத்துக்குள்தான் கோழிக்கும் ஒரு எமன் வந்தான். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அடுத்த ஓரிரு வருஷத்தில் நம்ம நாட்டில், இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில். அந்த ஊர்ப் பேரே நோய்க்குப் பேராகிவிட்டது. நாம் சொல்கிற வெள்ளைக்கழிச்சல் அதுதான். கழுத்தைத் திருகிக்கொண்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, ரெண்டு நாளில் தெருவையே காலி பண்ணிவிடும். அதே இமயமலைப் பக்கத்து முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களிலேயே தடுப்பூசிக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்க தெருவுக்கு அது வந்துசேர எத்தனை வருஷம் ஆச்சு என்பதைச் சொன்னால் கோபம்தான் வரும். அப்பத்தா ஒவ்வொரு கோடையிலும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. செத்தது போக மிஞ்சிய ஒன்றிரண்டை வைத்து மறுபடியும் அடை. நோய் வந்தும் கோழி அழியவில்லை பாருங்கள், அதுதான் நான் சொல்ல வருவது. உட்கார்ந்து திரும்ப அடை வைக்க ஒரு ஆள் வீட்டில் இருந்தது.

1980-ல் அக்காவுக்குப் பத்து வயசு. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியற்காலை நாலு மணிக்கு ஊருக்குள் வந்துவிடும். சில ஊருக்கு மூன்று மணிக்கே. எங்க சேவல் கூவுகிறதுக்கு முன்னாடி அந்த வண்டியின் ஹாரன். அப்பத்தா அக்காவைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடும். குச்சி அடுக்குகிற வேலை. திரும்பி வர இருட்டிவிடும். நான் ஆம்பளைப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் போனாள். இதை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. பிறகு அம்மாவும் போனது. எங்க தெருவில் பாதி வீடு பகல் பூராவும் பூட்டு.

அக்கா வேலைக்குப் போன முதல் வருஷம், அவள் பார்த்துக்கொண்டிருந்த குஞ்சில் ஒன்றுகூடத் தேறவில்லை. பருந்து கொண்டு போனது பாதி, மீதி எங்கே போச்சு என்றே தெரியாது. ராத்திரி வந்து, சாப்பிடாமல் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனைடா இருக்கு?" என்று கேட்பாள். நான் தெரியாது என்பேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது, விளையாடப் போய்விடுவேன்.

ஒரு தடவை பக்கத்து ஊர் பயராபீசில் வெடித்தது. எங்க வீட்டு ஓட்டில் இருந்து தூசி கொட்டியது. அப்போது ஒரு கோழி அடையில் இருந்தது, பதினொரு முட்டை, நாலுதான் பொரித்தது. "வேட்டு அதிர்ச்சியிலே கூமுட்டையாப் போச்சுய்யா, ஆணி போட்டும் நிக்கல" என்று அப்பத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் இப்போது வேற மாதிரி நினைக்கிறேன். சத்தத்தில் கோழி இறங்கி ஓடியிருக்கும். அதைப் பிடித்துத் திரும்ப உட்கார வைக்க யாரும் இல்லை. அப்பத்தாவும் நானும் ரோட்டில் நின்றுகொண்டு, அந்த வண்டி வருதா, அம்மாவும் அக்காவும் அதில் இருக்காங்களா என்று பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை மணி நேரம் முட்டை ஆறிக் கிடந்தால் எப்படிப் பொரிக்கும்?

லெக்கான் கோழி, நாமக்கல் முட்டை எல்லாம் இதற்கு அப்புறம்தான் எங்களுக்குப் பெரிசாக வந்து சேர்ந்தது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பேரை இங்கிலீஷ்காரன் லெக்கான் ஆக்கினான். முட்டை போட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் அடை உட்கார மறந்துபோன சாதி. அந்தக் குணத்தைக் கழித்துக் கழித்தே உண்டாக்கினார்கள். 1989-ல் கலைஞர் சத்துணவில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட்டபோது நான் பத்தாவது. விருதுநகர்க்காரர் காமராஜர் ஆரம்பித்த மதிய உணவில் முட்டையும் சேர்ந்தது என்று எங்க வாத்தியாருக்கு ஒரே பெருமை. தட்டில் விழுந்தது வெள்ளை முட்டை. அதற்குள் எங்க தெருவில் முட்டை வாங்கக் கடைக்குப் போகிற நிலைமை வந்துவிட்டது. அதனால்தான் பிராய்லரையும் லெக்கானையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவை காலியான கூட்டுக்குள்தான் வந்தன.

பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, வைத்தவன் பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு.

2018 அக்டோபரில் பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் பட்டாசு ஆலைகளை மூடினார்கள், திறக்க மறுவருஷம் மார்ச் ஆகிவிட்டது. வாரச் சம்பளம் நின்றுபோன அந்த நாலு மாசத்தில் எங்க தெருவில் நான் பார்த்ததை மறக்க மாட்டேன். முதல் வாரம் பெண்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு வீட்டில் கோழி. அக்கா தெற்குத் தெருவில் இருந்து ரெண்டு வெடக்கோழியை வாரத்துக்கு வாங்கி வந்தாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அதே பேச்சு, பாதிப் பாதி. தை மாசம் பிறந்ததும் முட்டை, ஒன்று 12 ரூபாய். அதில்தான் கேஸ் வாங்கினாள். ஆலை திறந்த பிறகும் அவள் போகவில்லை.

இப்போது அவளிடம் பதினாலு உருப்படி. பிப்ரவரியில் நடக்கிற கழிச்சல் நோய் தடுப்பூசி முகாமுக்குத் தவறாமல் கூடையோடு போய்விடுவாள். கால்நடைப் பல்கலைக்கழகக்காரர்கள் குருணை மாதிரி தின்னக் கொடுக்கிற மருந்தும் கொண்டுவந்திருக்கிறார்கள், கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை. போன வருஷம் வத்திராயிருப்புப் பக்கம் அறுவடை வயலில் மேய வந்த வாத்துக்காரரிடம் அஞ்சு முட்டை வாங்கி, கோழிக்கு அடியில் வைத்தாள். வாத்துக்கு இருபத்தெட்டு நாள். கோழி ஒரு வாரம் கூடவே உட்கார்ந்தது, பாவம். பொரித்த குஞ்சுகள் தொட்டித் தண்ணீரில் இறங்கியதும் கரையில் நின்று அது பட்ட பாடு இருக்கே! அக்கா அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகனுக்கு இன்குபேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசு இருந்தால் கூட்டுக்குக் கம்பிவலை வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கீரித் தொல்லை ஜாஸ்தி. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்து முட்டையில் நரம்பு ஓடுதா என்று பார்க்கணும். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் நான் வரணுமாம். இந்தத் தடவை எத்தனை இருக்கு என்று எண்ணிச் சொல்கிற வேலை என்னுடையது.