காதும் காலடியும் கைரேகையும்

நம்மிடம் ஓதி மௌலவி பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் இப்போது பல்கலைக்கழகமொன்றில் முதுகலை பயில்கிறார். சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்தபோது அவர் கையில் மூன்று பாடநூல்கள் இருந்தன. ஒன்று கலைப் பகுப்பாய்வு, மற்றொன்று குற்றவியல், மூன்றாவது பண்புசார் ஆய்வுமுறை. ஒரே பருவத்தில் மூன்றுக்கும் ஒப்படைப்புக் கட்டுரை எழுத வேண்டுமாம். "ஓவியத்துக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

பேச்சினூடே இன்னொன்றையும் சொன்னார். குற்றவியல் வகுப்பில், 'பிறவிக் குற்றவாளிகள்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஒருவர் தொகுத்த முகப்படங்களைத் திரையில் காட்டினார்களாம். தாடி வைத்த ஒரு முகம் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் நம் மாணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். ஆயினும் அவர் விடைபெற்றுச் சென்ற பிறகும் அது நம் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் கேட்ட கேள்விக்கும் கேளாது விட்ட கேள்விக்கும் நாம் தேடிய விடையே இக்கட்டுரை.

முதற் கேள்விக்கு விடை இத்தாலியிலிருந்து தொடங்குகிறது. ஜொவான்னி மொரெல்லி (1816–1891) மருத்துவம் பயின்றவர். பிற்காலத்தில் இத்தாலிய மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். 1874 முதல் 1876 வரை, ரஷ்யர் ஒருவர் எழுதியதுபோலப் புனைபெயரில், ஜெர்மன் மொழி இதழொன்றில் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். பழைய ஓவியம் ஒன்று யார் கையால் ஆனது என்று எவ்வாறு துணிவது? முகத்தின் பொலிவையும் காட்சியின் அமைப்பையும் பார்த்துச் சொல்வதே அதுவரை வழக்கம். அவற்றையெல்லாம் மாணாக்கரும் போலி செய்வோரும் நகல் எடுத்துவிடுவர் என்றார் மொரெல்லி. ஓவியன் கவனமின்றிப் பழக்கத்தால் வரைந்துவிடும் காது மடலையும் விரல் நகத்தையும் பாருங்கள் என்றார். தம் நூலில் ஓவியர் ஒவ்வொருவரின் காதையும் கையையும் வரிசையாக வரைந்தே காட்டினார். டிரெஸ்டன் காட்சிக்கூடத்தில், டிஷியனின் படத்தைப் பார்த்துப் பிற்காலத்தவர் எழுதிய நகல் என்று பட்டியலிடப்பட்டிருந்த ஓர் ஓவியத்தை ஜோர்ஜோனேயின் மூலப்படம் என்று அவர் கண்டறிந்தது பெரும்புகழ் பெற்றது. அதில் டிஷியனின் கையும் உண்டு என்பது பிற்கால அறிஞர் கருத்து.

1893ஆம் ஆண்டு ஆர்தர் கோனன் டாயில் எழுதிய துப்பறியும் கதை ஒன்றில், ஷெர்லக் ஹோம்ஸ் வெட்டப்பட்ட காதொன்றின் அமைப்பைக் கொண்டே குற்றத்தின் முடிச்சை அவிழ்க்கிறார். 1914இல் சிக்மண்ட் ஃப்ராய்ட், மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையைப் பற்றிப் பெயர் வெளியிடாமல் எழுதிய கட்டுரையில், மொரெல்லியின் முறை தம் உளப்பகுப்பாய்வுக்கு நெருங்கிய உறவுடையது என்று குறித்தார். ஓவிய ஆய்வாளர், துப்பறிவாளர், உளமருத்துவர் ஆகிய மூவரையும் ஒரே நூலில் கோத்தவர் கார்லோ கின்ஸ்பர்க் என்னும் இத்தாலிய வரலாற்றாசிரியர். 1979இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில், சிறு தடயத்திலிருந்து காணாத ஒன்றை ஊகித்தறியும் அறிவுமரபு, வேட்டைக்காரன் விலங்கின் அடிச்சுவட்டைப் படித்த நாளிலேயே தொடங்கியது என்று அவர் காட்டினார். நம் மாணவரின் மூன்று நூல்களும் அம்மரபின் மூன்று கிளைகளே. கட்டுரையின் இறுதியில் கின்ஸ்பர்க் எடுத்துக்கொள்ளும் சொல் அரபுச் சொல்: ஃபிராஸா. இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் ஃபிராஸா' பற்றி எகிப்திய உளவியலறிஞர் யூசுஃப் முராத் 1939இல் பாரிஸில் வெளியிட்ட ஆய்வு அவருக்குத் துணையாயிற்று.

இவ்விடத்தில், "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன" என்று மார்தட்டுவது நம் மேடைகளில் வாடிக்கை. அதற்காக நாம் இதை எழுதவில்லை. நம்மிடம் என்ன இருந்தது, அதில் எதை நம் முன்னோர் நீதிமன்றத்துக்குள் விட்டனர், எதை வாசலிலேயே நிறுத்தினர் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

நிஸாரின் மக்கள் நால்வர் கதையை அரபு வரலாற்று நூல்களில் ஓதியவர் அறிவர். வழியில் மேய்ச்சல் தடத்தைக் கண்டு, "இவ்வழியே சென்ற ஒட்டகம் ஒற்றைக்கண்ணுடையது" என்றார் முளர். "ஒருபுறம் சாய்ந்து நடப்பது" என்றார் ரபீஆ. "வால் அற்றது" என்றார் இயாத். "கட்டறுத்து ஓடியது" என்றார் அன்மார். ஒட்டகத்தைத் தேடி வந்தவனோ, இத்தனையும் சொல்பவர் திருடாமல் இருப்பாரா என்று நால்வரையும் பிடித்துக்கொண்டான். நஜ்ரானின் அஃப்ஆ அல்ஜுர்ஹுமியிடம் வழக்குச் சென்றது. ஒவ்வொருவரும் தம் கூற்றுக்குக் காரணம் சொன்னார்கள். ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது; ஓர் அடி அழுந்தியும் மற்றோர் அடி குலைந்தும் கிடந்தது; சாணம் சிதறாமல் குவிந்திருந்தது; அடர்ந்த புல்லை விட்டு மெலிந்த புல்லுக்குத் தாவியிருந்தது. அவர் தேடி வந்தவனை நோக்கி, இவர்கள் உன் ஒட்டகத்தைக் கொண்டவர் அல்லர், வேறெங்கேனும் தேடு என்று அனுப்பிவிட்டார்.

இக்கதை பயணம் செய்த தூரம் வியப்புக்குரியது. அமீர் குஸ்ரூவின் பாரசீகக் காவியத்தில் புகுந்து, 1557இல் வெனிஸ் நகரில் செரந்தீப் இளவரசர் மூவரின் கதையாக அச்சேறி, வோல்தேரின் 'ஸதீக்' கதையில் நாயும் குதிரையுமாக உருமாறிற்று. செரந்தீப் என்பது நம் அண்டையிலுள்ள இலங்கையே. தமிழிலும் அளகாபுரி அரசனின் நான்கு மந்திரிகள் கதையில் இதே ஒட்டகம் காணாமற்போகிறது. சிறுவயதில் நாம் இதைக் கேட்டபோது நால்வரின் கூர்மையை வியந்தோம்; நீதிபதியைக் கவனித்ததில்லை. தடயத்தைப் படித்தவரையே கள்வரென்று பிடித்தபோது, காரணம் கேட்டு விடுவித்தவர் அவர்தாம்.

கதையை விட்டு ஷரீஅத்துக்கு வருவோம். உஸாமா (ரலி) அவர்கள் கறுத்த மேனியர். தந்தை ஸைத் (ரலி) அவர்களோ வெளுத்தவர். இதைக் கொண்டு சிலர் உஸாமாவின் வம்சத்தைக் குறித்து வாய்க்கு வந்தபடி பேசினர். ஒருநாள் இருவரும் ஒரே போர்வையால் தலையை மூடி உறங்க, பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முத்லிஜ் குலத்து முஜஸ்ஸிஸ் என்னும் காயிஃப் (அடையாளம் தேர்பவர்) அவ்வழியே வந்தவர், இப்பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகம் மலர ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து இதைத் தெரிவித்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. ஊரார் நிறத்தைப் பார்த்தனர். அவரோ பாதத்தைப் பார்த்தார்.

இதனடிப்படையில் இமாம் மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகியோர் கியாஃபாவை வம்சம் நிறுவும் சான்றாக ஏற்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை. உஸாமாவின் வம்சம் முன்பே சட்டப்படி உறுதியானது. நபியவர்களின் மகிழ்ச்சி அவதூறு பேசியவர் வாயடைத்ததற்காகவே என்பது ஹனஃபீ தரப்பின் வாதம். ஏற்ற மத்ஹபும் எளிதாக ஏற்கவில்லை. ஷாஃபிஈ நூல்கள் காயிஃபுக்கு விதிக்கும் தேர்வை ஆண்டுதோறும் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் வியப்பதுண்டு. குழந்தை ஒன்றை, அதன் தாய் இல்லாத பெண்கள் கூட்டத்தில் மும்முறை அவரிடம் காட்ட வேண்டும். பிறகு தாய் இருக்கும் கூட்டத்தில் காட்ட வேண்டும். அனைத்திலும் சரியாகச் சொன்னால்தான் அவர் சொல் செல்லும். மும்முறை "இங்கே தாய் இல்லை" என்று சொல்லத் துணிய வேண்டும் என்பதே இத்தேர்வின் நுட்பம். மொரெல்லியை யாரும் இப்படிச் சோதித்ததாக நாம் படித்ததில்லை. அன்றியும் கியாஃபா பயன்பட்டது, ஒரு குழந்தையை இருவர் உரிமை கோரும்போது தந்தை யாரென்று கண்டுகொடுக்கவே, யாரையும் தண்டிப்பதற்கன்று.

ஃபிராஸாவின் நிலை வேறு. முகக்குறி கண்டு குணம் சொல்லும் நூல்கள் நம்மிடமும் பெருகின. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இக்கலை நூல்களைத் தேடி யமனுக்குச் சென்று திரும்பும் வழியில், குறிநூலின்படி இழிகுணத்தோன் எனத்தக்க முகமுடைய ஒருவர் அவர்களை மிக நன்றாக உபசரித்தாராம். நூல்களையெல்லாம் எறிந்துவிடலாமா என்று இமாம் எண்ணியிருக்க, காலையில் அம்மனிதர் உணவுக்கும் தீனிக்கும் படுக்கைக்கும் கணக்குப்போட்டுக் காசு கேட்டாராம். சுவையான செய்திதான். ஆனால் இமாமவர்களின் சட்ட நூலான 'அல்உம்மு'வில் முகக்குறி சாட்சியாக நிற்கவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டு பக்தாத் மருத்துவர் இப்னு புத்லான் அடிமைகளை வாங்குவோருக்கு எழுதிய கையேட்டில் நாட்டுக்கு நாடு மக்களின் குணம் பட்டியலிடப்பட்டது. அதையும் மறைப்பது அறிவுநேர்மை ஆகாது.

இப்போது திரையில் தோன்றிய முகத்துக்கு வருவோம். அம்முகங்களைத் தொகுத்தவர் செஸாரே லொம்ப்ரோசோ. குற்றவாளியைப் பற்றிய அவரது நூல் 1876இல் வெளியாயிற்று. மொரெல்லியின் கட்டுரைத்தொடர் முடிந்த ஆண்டும் அதுவே! ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இருவரும் காதைப் பார்த்தனர். மொரெல்லி காதைக் கண்டு, "இதை எழுதிய கை எது?" என்று கேட்டார். லொம்ப்ரோசோ காதைக் கண்டு, "இவன் என்ன செய்யப் பிறந்தவன்?" என்று கேட்டார். முன்னது நடந்த செயலின் சுவடு. பின்னது நடவாத செயலுக்குத் தீர்ப்பு. 1913இல் சார்லஸ் கோரிங் ஆங்கிலேயச் சிறைக்கைதிகள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை அளந்து ஆராய்ந்து, அத்தகைய உடலமைப்பு வகை எதுவும் இல்லையென்று வெளியிட்டார். அதற்கும் முன்பே பிரான்சிஸ் கால்ட்டன் குற்றவாளிகளின் முகப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்தார். கொடுமுகம் தோன்றும் என்று காத்திருந்தவருக்குக் கிடைத்தது சாதாரண மனிதமுகம்.

அதே கால்ட்டன்தான் 1892இல் கைரேகை பற்றி நூலெழுதினார். இனத்துக்கு இனம் ரேகை வேறுபடும் என்று எதிர்பார்த்துத் தேடினார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ரேகை ஆளைச் சொல்லும். அவன் குலத்தையோ குணத்தையோ சொல்லாது. ஆனால் ஆயிரக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அதற்கு வழி கண்டவர்கள் வங்காளக் காவல்துறையில் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்ற அஜீஸுல் ஹக், பத்து விரல் ரேகைகளையும் 1024 அறைகளாகப் பகுக்கும் கணக்கை வகுத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இம்முறையை ஏற்றது. முறைக்குப் பெயரோ 'ஹென்றி முறை'. பிற்காலத்தில் ஹென்றி இவருடைய பங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அரசு கான் பகதூர் பட்டமும் சன்மானமும் தந்தது. அதற்குள் உலகம் பெயரை மனப்பாடம் செய்துவிட்டிருந்தது.

இப்பணியகத்தின் தொடக்க வழக்கொன்று சிந்திக்கத்தக்கது. 1897இல் ஜல்பாய்குரி மாவட்டத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுக்கப்பட்டு இறந்துகிடந்தார், பணப்பேழை சூறையாடப்பட்டிருந்தது. பேழையிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தக்கறை படிந்த விரற்பதிவு இருந்தது. முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய பணியாளன் ஒருவனின் வலது கட்டைவிரலோடு அது ஒத்தது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது; கொலைக்காகத் தண்டிக்கவில்லை. அவன் பேழையைத் தொட்டான் என்பதற்கு ரேகை சான்று. கத்தியைப் பிடித்தான் என்பதற்கு அது சான்றாகவில்லை. சந்தேகத்தால் ஹத்துத் தண்டனை விலகும் என்று ஃபிக்ஹு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இத்தீர்ப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

எனினும் அதே ரேகை நம் மண்ணில் வேறு வேலைக்கும் போயிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குற்றம் செய்தவரை அன்றி, குலத்தில் பிறந்தவரையெல்லாம் பதிவு செய்தது அது. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதற்கு இட்ட பெயர் 'ரேகைச் சட்டம்'. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். ஆளைப் பிரித்தறியப் பிறந்த கருவி, ஆளையெல்லாம் ஒன்றாக்கும் பதிவேட்டில் மை தேய்த்தது. கருவி அஜீஸுல் ஹக்குடையது. கேட்ட கேள்வியோ லொம்ப்ரோசோவுடையது. 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடெங்கிலும் சட்டம் நீங்கிற்று.

மூன்றாம் நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தை அளப்பதை விட்டு, அவன் வாயைத் திறக்கச்செய்து கேட்கலாமே என்று எண்ணியவர்கள் சிகாகோ அறிஞர்கள். 1930இல் கிளிஃபர்ட் ஷா, வழிப்பறி செய்து திருந்திய இளைஞன் ஒருவனின் வாழ்க்கையை அவன் சொல்லாகவே வெளியிட்டார். கேட்டால் மட்டும் போதுமா, சொல்பவரை எப்படி எடைபோடுவது என்ற வினா அங்கே எழுகிறது. ஹதீஸ் கலையின் ஜர்ஹு, தஅதீல் முழுவதும் அவ்வினாவின்மேல் எழுந்ததே. அங்கே நினைவாற்றலும் நாணயமும் நிறுக்கப்பட்டன, முகம் நிறுக்கப்படவில்லை. மக்காவின் பெரும் முஃப்தியாக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களைக் கறுத்த நிறம், சப்பை மூக்கு, ஒற்றைக் கண், முடம் என்றே வரலாற்றாசிரியர்கள் வருணிக்கின்றனர். லொம்ப்ரோசோவின் தொகுப்பில் அவர்களுக்கு எவ்விடம் கிடைத்திருக்கும்? நம் அறிவிப்பாளர் நூல்களோ அவர்களை நம்பகமானவர் என்று பதிந்தன.

நம் மாணவர் ஆய்வுமுறைக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது ரேகைச் சட்டத்தைப் பற்றிய முதியோர் நினைவுகளை. உசிலம்பட்டிப் பக்கம் இருமுறை சென்று வந்திருக்கிறார். பாட்டி ஒருவர் சொல்வதும் அரசுக் குறிப்பும் முரண்பட்டால் என்ன செய்வது என்று கேட்டார். நாம் 'நுக்பா'வை எடுத்து இருவர் அறிவிப்பு முரண்படும் பாடத்தை மீண்டும் ஒருமுறை நடத்தினோம். பிறகு அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். முதற்பக்கத்தில் பாட்டி சொன்ன செய்தி இல்லை. அதை அவர் யாரிடம் கேட்டார், கேட்டபோது அவர் வயது என்ன, சொன்னவர் அப்போது எங்கே இருந்தார் என்பவையே எழுதப்பட்டிருந்தன.