எது அசல் நந்தன்?



நந்தன் கதையை நாம் மேடையேற்றும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "இது அசல் கதையா, நீங்களாகச் சேர்த்ததா?" கேட்டவுடன் நாம் தடுமாறுகிறோம். பழைய ஏட்டில் இருப்பது உண்மை, பிறகு வந்தது போலி என்று ஒப்புக்கொண்டே பதில் சொல்லத் தொடங்குகிறோம். இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த அளவுகோலையே சோதித்துப் பார்ப்போம்.

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயர் உண்டு, கதை இல்லை. நம்பியாண்டார் நம்பி ஒரே பாட்டில் ஆதனூரையும், புலை நீங்கியதையும், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதையும் சொல்கிறார். அந்தப் பாட்டில் தீ இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் புலைப்பாடியை விரிவாகக் காட்டி, நந்தனைத் தீயில் இறக்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளியே கொண்டுவருகிறார். ஆக, அசல் என்று நம்மிடம் நீட்டப்படும் தீயும் ஒரு காலத்தில் சேர்க்கப்பட்டதுதான்.

1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சாகிறது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவர் இதில் பண்ணையாராக வருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழைகளைக் காரணம் காட்டிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார், பிறகே கொடுத்தார். இதை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார்.

ஏட்டை வைத்துப் பார்த்தால் வேதியர் கற்பனை. ஆனால் தஞ்சைப் பண்ணையாள் முறையை அறிந்தவருக்கு அவர் கற்பனை அல்ல. விடுப்புக் கேட்டு நிற்கும் ஆள், முடியாத வேலையை நிபந்தனையாக வைக்கும் ஆண்டை: இந்தக் காட்சியை நம் பாட்டன்மார் வயலிலேயே பார்த்தார்கள். மூலத்தில் இல்லாத பாத்திரம் வாழ்க்கைக்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் அதே நூல் அந்த வேலையைப் பூதகணங்களை விட்டு ஒரே இரவில் முடித்துவிடுகிறது. கூலிக் கேள்வி அங்கேயே கரைந்துபோகிறது. போலி நுழையும் இடம் அதுதான்.

1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனானார்கள். அவர்கள் குரலின் உருக்கத்தை நாம் மறுக்கவில்லை. உருக்கம் உண்மைதான், ஆனால் அழுதுவிட்டுத் திரும்பிய ஊரில் சேரி சேரியாகவே இருந்தது.

தீயால் தூய்மையாவது என்ற முடிவை நாம் ஏன் ஏற்க மறுக்கிறோம்? அசுத்தம் நந்தனிடம் இருந்தது என்று அது முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று இதே காவிரிப்படுகையில், கீழ்வெண்மணியில், கூலி கேட்ட மக்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தீயிலிருந்து எந்த முனிவரும் எழுந்து வரவில்லை. வெண்மணிக்குப் பிறகு நந்தனின் தீயைப் பழைய பக்தியோடு பாட நம்மால் முடியாது.

அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாக எழுதினார். கதையைத் திருப்பி எழுதும் உரிமையை அவர் நமக்குத் தந்தார். ஆனால் ஒன்றில் கவனமாக இருப்போம்: நமக்குப் பிடித்திருக்கிறது என்பதால் ஒரு கூற்று சான்றாகிவிடாது. பிறரிடம் கேட்கும் ஆதாரத்தை நம்மிடமும் கேட்க வேண்டும். எழுதியவரின் சாதிச் சான்றிதழ் மட்டுமே ஒரு படைப்பை அசலாக்கிவிடாது.

சேர்ப்பது குற்றமல்ல, சேக்கிழாரும் சேர்த்தார், பாரதியாரும் சேர்த்தார். சேர்த்ததை மறைத்து, அதையே ஆதி உண்மை என்று நம் தலையில் கட்டுவதுதான் போலித்தனம். எனவே அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது நிமிர்ந்தே சொல்வோம்: "ஆம், சேர்த்திருக்கிறோம். எதை, ஏன் சேர்த்தோம் என்று சொல்கிறோம். தீயை யார் சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்."