பாணும் மானமும்: பிரெஞ்சுப் புரட்சியின் பின்னணியில் ஒரு நோக்கு

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது நம்மவர் பழமொழி. பறந்துபோகும் அப்பத்தினுள் மானத்தையும் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கின்றோம். 1943 ஆம் ஆண்டு மனிதத் தேவைகளை ஆராய்ந்து எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவும் ஏறத்தாழ இவ்வாறே கூறினார். உணவு முதலில், பாதுகாப்பு அதன் பின், மதிப்பு அதற்கும் பின்னர் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஆயினும் மக்கள் ஆட்சியாளரை எதிர்த்து எழுந்த வரலாறுகளை உற்றுநோக்கின் இவ்வொழுங்கு அத்துணை இலகுவிற் பொருந்துவதாய் இல்லை. இன்று நம்மவர் பலர் வாழும் பிரான்ஸ் நாட்டின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சில் ஏழைக் குடும்பமொன்று சாதாரண காலத்திலேயே தன் வருமானத்தின் பாதியளவைப் பாணுக்குச் செலவிட்டது. மக்களுக்குப் பாண் கிடைக்கச் செய்வது மன்னனின் கடமை என்பது அனைவரும் ஏற்றுக்கொண்ட நியதி. தானியத்தைச் சந்தைக்கு வெளியே விற்றலும் பதுக்கலும் தடுக்கப்பட்டிருந்தன. பாணின் நிறையும் விலையும் கண்காணிக்கப்பட்டன. 1774 செப்டெம்பரில் நிதிப் பொறுப்பாளர் துர்கோ இக்கட்டுப்பாடுகளை நீக்கித் தானிய வணிகத்தைத் தடையற்றதாக்கினார். அவர் கொடியவர் அல்லர். சுதந்திர வணிகம் காலப்போக்கில் எல்லோருக்கும் நிறைவான உணவைத் தரும் என உண்மையாகவே நம்பினார். ஆனால் அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தது. காலப்போக்கு என்பது வயிற்றுக்குத் தெரியாத கணக்கு.

1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சூழ்ந்த பகுதிகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கலகங்கள் வெடித்தன. வரலாற்றாசிரியர்கள் இதனை ‘மாவுப் போர்’ என்பர். இங்கே கவனிக்கத்தக்கது, பல இடங்களில் மக்கள் தானியத்தை வெறுமனே கொள்ளையிடவில்லை என்பதாகும். மூடைகளைக் கைப்பற்றி, நியாயமென்று தாம் கருதிய விலையைத் தாமே நிர்ணயித்து, அப்பணத்தை உரியவரிடம் கொடுத்துவிட்டு எடுத்துச் சென்றனர். பணங்கொடாது எடுத்தோரும் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் பசித்திருந்த நிலையிலும் காசை எண்ணிக் கொடுத்த அக்கைகளை நாம் மறந்துவிடலாகாது. இங்கிலாந்தின் தானியக் கலகங்களிலும் இதே வழக்கத்தைக் கண்ட ஈ. பி. தொம்சன், 1971 இல் எழுதிய கட்டுரையில் இதனை ஏழை மக்களின் அறம்சார்ந்த பொருளாதாரம் என விளக்கினார். அரசோ இருபத்தையாயிரம் படையினரை அனுப்பிக் கலகத்தை அடக்கியது. மே 11 ஆம் நாள் பாரிஸில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் பொய்முடி செய்யும் தொழிலாளி, மற்றவர் நெசவுத் தொழிலாளி.

பட்டினி மட்டுமே புரட்சியை உண்டாக்குமாயின் 1709 ஆம் ஆண்டிலேயே அது நிகழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வாண்டின் கொடும் பனியாலும் பஞ்சத்தாலும் பல இலட்சம் பேர் மாண்டனர். ஆங்காங்கே குழப்பங்கள் தோன்றின. பதினான்காம் லூயியின் அரியணை அசையவில்லை. எண்பது ஆண்டுகளின் பின் நிலைமை வேறு. அரச கருவூலம் வறண்டிருந்தது. 1789 இல் மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட நேர்ந்தபோது, குறைகளை எழுதித் தருமாறு அரசே குடிமக்களைக் கேட்டது. கேட்கப்பட்டவர்கள் மறுமொழியை எதிர்பார்ப்பது இயல்பன்றோ? மேலும், பெருந்தனவந்தர்கள் சதிசெய்து தானியத்தை ஒளிக்கின்றனர் என்ற வதந்தி நெடுங்காலமாகவே உலவி வந்தது. அத்தகைய சதிக்குச் சான்றில்லை. ஆனால் மக்கள் நம்பினர்.

1788 யூலை 13 ஆம் நாள் பெய்த ஆலங்கட்டி மழை விளைந்த வயல்களை அழித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஒன்பது சூ ஆகவிருந்த நாலு இறாத்தல் பாண், 1789 பெப்ரவரியில் பதினான்கரைச் சூ ஆயிற்று. கூலியாள் ஒருவரின் நாட்சம்பளமோ இருபது முதல் முப்பது சூ வரையே. பஸ்தீய் சிறை வீழ்ந்ததை எல்லோரும் அறிவர். அதற்கு முதல்நாள், யூலை 13 இல், பாரிஸ் மக்கள் புனித லாசர் மடத்தினுட் புகுந்து, அங்கிருந்த தானியத்தை வண்டிகளில் ஏற்றி நகரச் சந்தைக்குக் கொண்டுசென்றதைப் பேசுவோர் குறைவு.

ஒக்டோபர் 5 ஆம் நாள் பாரிஸ் சந்தைப் பெண்கள் பல்லாயிரவர் மழையில் நனைந்தவாறு வேர்சாய் அரண்மனைக்கு நடந்தனர். பாண் கேட்டே புறப்பட்டனர். எனினும், சில நாட்களின் முன் அரண்மனை விருந்தொன்றில் புரட்சியின் மூவர்ணச் சின்னம் மிதிக்கப்பட்டதாகப் பரவிய செய்தியும் அவர்களது சினத்தை மூட்டியிருந்தது. பசியும் அவமதிப்பும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன என்க. மறுநாள் மாவு வண்டிகளுடன் மன்னன் குடும்பத்தையும் பாரிஸுக்கு அழைத்து வந்தனர். (‘பாண் இல்லையேல் கேக் உண்ணட்டும்’ என்று அரசி மரீ அந்துவானெத் கூறியதாக நம் பாடசாலைகளிற் சொல்லப்படுவதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அக்கதையை ரூசோ எழுதியபோது அவர் பிரான்சுக்கு வராத சிறுமி.)

1951 இல் இலங்கையில் அவுஸ்திரேலியத் தூதுவராக இருந்தவரும் பின்னர் பிணக்குகள் பற்றிய ஆய்வில் ஈடுபட்டவருமான ஜோன் பேர்ட்டன், நலன்களைப் பேரம் பேசலாம், அடையாளம், பாதுகாப்பு, பிறரால் மதிக்கப்படல் போன்ற தேவைகளைப் பேரம் பேசவியலாது என வாதிட்டார். மாஸ்லோவைவிட அவரே இவ்வரலாற்றுக்கு அண்மையில் நிற்கிறார் என்பது என் கருத்து.

புரட்சி அரசும் இச்சிக்கலிலிருந்து தப்பவில்லை. 1793 இல் அது தானியத்துக்கு உச்சவிலை விதித்தது. 1794 டிசம்பரில் அச்சட்டத்தை நீக்கியது. விலை மீண்டும் ஏறியது. 1795 மே 20 ஆம் நாள் பாரிஸ் மக்கள் சட்டசபையினுள் நுழைந்தனர். அவர்களது தொப்பிகளில் இரு கோரிக்கைகள் எழுதப்பட்டிருந்தன: பாண், 1793 இன் அரசியலமைப்பு. அனைத்து ஆடவர்க்கும் வாக்குரிமை தந்து, ஒருபோதும் நடைமுறைக்கு வராதிருந்த அரசியலமைப்பு அது. சில நாட்களில் படையினர் செந்த் அந்துவான் தொழிலாளர் பகுதியைச் சுற்றிவளைத்து ஆயுதங்களைக் களைந்தனர். இரண்டு கோரிக்கைகளும் நிறைவேறவில்லை.