திரைக்கு வராத முகங்கள்

குற்றம் புரிந்தவனின் வரலாறு எழுதப்படும் அளவிற்கு, அக்குற்றத்திற்கு இரையானவரின் வரலாறு எழுதப்படுவதில்லை. கொலையைக் கூறும் திரைப்படத்திலாவது இறந்தவனுக்காக அழும் தாயோ மனைவியோ ஒரு காட்சியில் வந்து போவாள். பண மோசடியைக் கூறும் படங்களில் அதுவும் அரிது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' இதற்குத் தக்க சான்றாகும். மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கத்தில் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த இப்படம், ஜோர்டன் பெல்ஃபோர்ட் என்னும் பங்குத் தரகர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூலைத் தழுவியது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் இயங்கிய அவருடைய 'ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட்' நிறுவனம் செய்த சூழ்ச்சி மிக எளியது. விலை மலிந்த பங்குகளை நிறுவனத்தார் முன்னதாகவே மறைவாகத் திரட்டி வைத்துக்கொள்வர். பின்னர் எழுதிவைத்த வசனத்தைத் தொலைபேசியில் ஒப்பித்து, முன்பின் அறியாதவர்களை அப்பங்குகளை வாங்கத் தூண்டுவர். விலை ஏறும். ஏறிய விலையில் தம் பங்குகளை விற்றுவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ள, வாங்கியவர் கையில் எஞ்சுவது மதிப்பிழந்த தாளே. 1996இல் அந்நிறுவனம் தொழிலிலிருந்து விலக்கப்பட்டது. 2003இல் பெல்ஃபோர்டுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 22 மாதங்களே அவர் சிறையில் இருந்தார். ஏமாந்த 1,513 பேருக்கு 110 மில்லியன் டாலர் திருப்பித் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த 1,513 பேரும் மூன்று மணி நேரப் படத்தில் எங்கே இருக்கின்றனர்? தொலைபேசியின் மறுமுனையில் தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு குரலாக இருக்கின்றனர். அக்குரல் நம்பிப் பேசிக்கொண்டிருக்கும்போதே இம்முனையில் தரகன் கைச்சாடை காட்டிக் கேலி செய்கிறான். சுற்றியிருப்போர் வாய்பொத்திச் சிரிக்கின்றனர். அரங்கில் அமர்ந்திருப்போரும் உடன் சிரிக்கின்றனர். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

மோசடிக்காரனின் வாய்மொழியாகவே கதை நகர்வதால் பார்ப்பவர் தம் பேராசையைத் தாமே உணர்வர் என்று படத்திற்காக வாதாடுவோர் உண்டு. அதனை முற்றும் புறக்கணிக்க இயலாது. புலனாய்வு அதிகாரி இறுதியில் சுரங்க ரயிலில் அமர்ந்து எளிய பயணிகளைப் பார்க்கும் காட்சி பொருள் பொதிந்ததே. ஆயினும் படத்தின் முடிவில் மெய்யான பெல்ஃபோர்டே மேடை அறிவிப்பாளராகத் தோன்றுகிறார். அவருக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிடம், 1,513 பேரில் ஒருவருக்கேனும் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் நடந்த ஒன்றும் இவ்வாறே படமாயிற்று. 1762இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கி, நிக் லீசன் 88888 என்னும் கணக்கில் மறைத்துவைத்த நட்டத்தால் 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது. நட்டம் 827 மில்லியன் பவுண்டு. 1999இல் வந்த 'ரோக் டிரேடர்' அவருடைய நூலைத் தழுவி, அவருடைய பதைப்பையே பின்தொடர்ந்தது. வங்கி ஒரு பவுண்டுக்குக் கைமாறியபோது, அதன் கடன் பத்திரங்களில் பணம் போட்டு இழந்தவர்கள் அக்கதைக்குத் தேவைப்படவில்லை.

காரணம் ஆராயத்தக்கது. சிறையிலிருந்து வந்தவன் நூல் எழுதுகிறான்; அதன் உரிமையைப் படநிறுவனம் விலைக்கு வாங்குகிறது. ஏமாந்தவரோ தம் அறியாமைக்கு நாணி, சொந்தப் பிள்ளைகளிடமும் வாய் திறப்பதில்லை. உல்லாசப் படகையும் மதுவிருந்தையும் ஒளிப்படக் கருவி எளிதில் பற்றிக்கொள்கிறது. சேமிப்பை இழந்த முதியவர் கண் அறுவையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதை அது எவ்வாறு பற்றும்?

பற்ற முடியாததன்று. அரண்மனைச் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்கு இளங்கோவடிகள் ஒரு பெயர்கூடச் சூட்டவில்லை. அவனுடைய வஞ்சத்தால் கணவனை இழந்தவளுக்கே காப்பியம் அமைத்தார். இங்கு முறை தலைகீழாகிவிட்டது.

பெல்ஃபோர்ட் படத்தில் மலேசியருக்கு வேறொரு பங்கும் உண்டு. அதனைத் தயாரித்த ரெட் கிரானைட் பிக்சர்ஸ் நிறுவனத்திற்கு, 2009இல் தொடங்கப்பட்ட 1எம்டிபி என்னும் மலேசிய அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் திருப்பிவிடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை 2016இல் வழக்குத் தொடுத்தது. 1எம்டிபியிலிருந்து சுருட்டப்பட்டது மொத்தம் 4.5 பில்லியன் டாலருக்கு மேல் என்பது அத்துறையின் கணக்கு. மோசடியைப் பற்றிய படத்திற்கே மோசடிப் பணம் முதலாயிற்று என்பதன்றோ இக்குற்றச்சாட்டின் பொருள்! அப்படம் மலேசியத் திரையரங்குகளில் திரையிடப்படவும் இல்லை. படத்தின் முடிவில் நன்றி கூறப்பட்ட பெயர்களுள் ஜோ லோ என்பதும் ஒன்று; அவர்மீது 1எம்டிபி தொடர்பாக 2018இல் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 60 மில்லியன் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள ரெட் கிரானைட் அதே ஆண்டில் இசைந்தது. அதிலிருந்து 57 மில்லியன் டாலர் 2019 மே மாதம் மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.