ஆடும் நாற்காலியும் வஜ்ஜிரமும்

எங்கள் அப்பா நாற்காலியிலிருந்து விழுந்தது 1983ஆம் வருடம் ஐப்பசி மாதம். விழ வைத்தவன் நான். இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம், போன மாதம் எங்கள் தெருவில் என் வயதுக்காரர் ஒருவர் இதே மாதிரி ஆடிக்கொண்டிருந்த நாற்காலியோடு சாய்ந்து இடுப்பில் அடிபட்டுக் கிடக்கிறார். பார்க்கப் போனபோது அந்த நாற்காலியையும் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு ஆணி. நான் செய்த அதே காரியம்.

அப்பாவின் நாற்காலி தேக்கு. இரண்டு பக்கமும் கை வைத்தது, இருக்கையில் பிரம்புப் பின்னல். அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1930களில், ஆசாரியை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் செய்யச் சொன்னது. அதில் ஒரு ஆணி கிடையாது. சட்டத்தின் முனையைச் சீவி நாக்குப் போல ஆக்கி, காலில் போட்ட துளைக்குள் செருகி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டியது. அவ்வளவுதான்.

வஜ்ஜிரம் என்றால் இன்று பலருக்கும் மீன்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது தச்சர்கள் பயன்படுத்திய பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கடையில் பழுப்பு நிறத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி கிடைக்கும். ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் இதைப் போட்டு உருக்குவார்கள். நேராக நெருப்பில் வைத்தால் கருகிப் பிடிமானம் போய்விடும். நாற்றம் சொல்லி முடியாது. எங்களுடையது சைவக் குடும்பம். பாட்டி அந்தச் சட்டியைக் கொல்லைப்புறக் கதவைத் தாண்டி உள்ளே விட மாட்டாள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும், ஆசாரி வருவார். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது முதல் தடவை பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு கால்தான் ஆடியது. அவரோ கொட்டாப்புளியில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, மூட்டுகளில் வெந்நீரை விட்டு, தட்டித் தட்டி நாற்காலி முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டார். அப்பாவின் நாற்காலி விறகுக் கட்டு மாதிரி கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஆடுற நாற்காலிய ஒட்டக் கூடாது, பிரிக்கணும்" என்றார். பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டி எடுத்து, தளர்ந்திருந்த நாக்கில் இழைப்புளிச் சுருளை ஒட்டிக் கனமாக்கி, மறுபடி கோத்தார். பிறகு நான்கு காலையும் சேர்த்துச் சணல் கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். கயிறு இறுக இறுக மூட்டுகளிலிருந்து பசை பிதுங்கி வந்தது. மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

நாற்காலி ஏன் ஆட ஆரம்பிக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. மரம் வெட்டிய பிறகும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அநேகமாக இல்லை, குறுக்குவாக்கில்தான். ஐப்பசி கார்த்திகையில் நாக்கு உப்பப் பார்க்கிறது. துளைச் சுவர் இடம் கொடுப்பதில்லை. நாக்கின் நார்கள் அங்கேயே நசுங்கிவிடுகின்றன. சித்திரை வெயிலில் சுருங்கும்போது, முன்பு இருந்ததைவிடச் சற்றுச் சிறிதாகிவிடுகிறது. இப்படி இருபது முப்பது வருடம். இதோடு, பின்னங்கால் இரண்டில் மட்டும் நிற்கும்படி சாய்ந்து ஆடுகிற பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது இருக்கும். அத்தனை பாரமும் பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் மூட்டுக்குப் போகிறது. முதலில் தளர்வது அநேகமாக அந்த மூட்டுதான்.

இந்த வஜ்ஜிரத்துக்கு வயது அதிகம். எகிப்தில் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய தச்சுப் பட்டறைக் காட்சி இருக்கிறது. ஒருவர் மரம் அறுக்கிறார். பக்கத்தில் நெருப்பின் மேல் பசைச் சட்டி. படத்தைப் பார்த்தபோது எங்கள் கொல்லைப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இதன் பெரிய குணம், சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுப்பது. குறையும் அதுதான், அடைமழையில் மூட்டு தளரும். ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் மரத்தை உடைக்க வேண்டியதில்லை. புதிய வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே பிடித்துக்கொள்ளும். ஃபிடில் செய்கிறவர்கள் இன்னும் இதை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். மேல் பலகையைத் திறந்து ரிப்பேர் பார்த்துவிட்டு மறுபடி மூடலாம். நூறு வருடத்து வாத்தியங்கள் கச்சேரிக்கு வருவது இப்படித்தான்.

பசையே அதிகம் வேண்டாம் என்று யோசித்தவரும் உண்டு. ஆஸ்திரியாவில் மைக்கேல் தோனெட் என்பவர் பீச் மரக் கம்புகளை நீராவியில் வளைத்து, 1859இல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார். ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்துக் கட்டினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகமெல்லாம் போயிற்று. வேலை நிமித்தம் நான் பம்பாயில் இருந்த மூன்று வருடமும், இரானி ஹோட்டல்களில் வளைமர நாற்காலியில் உட்கார்ந்துதான் பன் மஸ்கா சாப்பிட்டேன். ஒரு நாள் நாற்காலி ஆடுகிறது என்றேன். சர்வர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, என்னை எழுப்பி, இரண்டு திருகு திருகிவிட்டுப் போனார். ஒரு நிமிட வேலை.

நம் பக்கத்தில் மாற்றம் வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே 1912இல் கண்டுபிடித்த பாலிவினைல் அசிடேட் என்ற சரக்கிலிருந்துதான் வெள்ளைப் பசைகள் பிறந்தன. இங்கே ஃபெவிகால் 1959இல் வந்தது. எங்கள் ஊர்க் கடையில் நான் பார்த்தது எழுபதுகளில். தச்சர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று நாம் மறந்துவிடக்கூடாது. ஊறப்போட வேண்டாம், அடுப்பு வேண்டாம், நாற்றம் இல்லை. டப்பாவைத் திறந்தால் வேலை. புது மரத்தில் அதன் பிடிமானமும் நன்றாகவே இருக்கும். ஆனால் காய்ந்த பிறகு வெந்நீருக்கு வஜ்ஜிரம் மாதிரி லேசில் இளகாது. அது ஊறிய மரத்தில் புதுப் பசையும் சரியாகப் பிடிக்காது.

இது எதுவும் தெரியாமல், 1983 சித்திரையில், அப்பாவின் நாற்காலி ஆடியபோது ஆசாரிக்குச் சொல்லி அனுப்பாமல் நானே இறங்கினேன். கையில் புது வெள்ளைப் பசை. நாற்காலியைப் பிரிக்கவில்லை. இடுக்கில் பசையை விட்டு, ஒட்டாது போலிருந்ததால் பின்கால் மூட்டுகளில் நான்கு ஆணியும் அடித்தேன். தப்பு பசையில் இல்லை. நாக்கின் மேல் ஐம்பது வருட வஜ்ஜிரம் தோல் மாதிரி மூடியிருந்தது, பசைக்கு மரமே கிடைக்கவில்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது ஆணி மட்டும். அது நாக்கை நீளவாக்கில் பிளந்திருந்தது வெளியே தெரியவில்லை. நாற்காலி ஆடாமல் நின்றது. எனக்கு ரொம்பப் பெருமை.

ஆறு மாதம் தாங்கியது. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, அப்பா பேப்பர் படிக்கச் சாய்ந்தபோது பின்கால் கழன்றது. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருக்கு அப்போது 71 வயது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கியவர். அந்த நவம்பரில் பென்ஷனுக்காக உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்கப் போனபோது, கையெழுத்துப் போட முடியாமல் இடது பெருவிரலை மையில் உருட்டி வைத்தார். துணைக்குப் போயிருந்த நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து விரலைத் துடைத்துக்கொண்டே, "ஆசாரியக் கூப்பிட்டிருக்கலாமேடா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நாற்காலி பரணுக்குப் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகுதான் கீழே இறக்கினேன். ஆசாரி காலமாகி வெகுநாள். நானே பிரித்தேன், இந்த முறை அவர் சொன்னபடி. வஜ்ஜிரம் வெந்நீருக்குக் கரைந்தது. வெள்ளைப் பசைக்கு, சுட வைத்த வினிகரைப் பஞ்சில் நனைத்து மூட்டில் வைத்து, இளகிய பிறகு சுரண்ட வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆயிற்று. பிளந்த நாக்கை அறுத்துவிட்டு, ஒரு மரக்கடையில் கேட்டு வாங்கிய பழைய தேக்கில் புது நாக்கு செய்து பொருத்தினேன். கொஞ்சம் இடைவெளி இருந்த இடத்தில் மட்டும் அரால்டைட், ஏனென்றால் வெள்ளைப் பசை சந்தை நிரப்பாது. மற்ற மூட்டுகளுக்கு வஜ்ஜிரமேதான், மதுரையில் தேடிப் பிடித்து வாங்கினேன். அடுத்து யாராவது பிரிக்க வேண்டி வந்தால் மரம் உடையக்கூடாது. சணல் கயிறு, குச்சி, முறுக்கு. ஒரு ராத்திரி பொறுத்தேன்.

உங்கள் வீட்டு நாற்காலி ஆடினால், முதலில் தரையை மாற்றிப் பாருங்கள். முக்காலி எங்கேயும் ஆடாது, நான்கு காலுக்குத்தான் சமதளம் வேண்டும். பல சமயம் கோளாறு சிமெண்ட் தரையில். அது இல்லை என்றால், இருக்கையில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு முதுகுச் சட்டத்தைப் பின்னால் இழுங்கள். எந்த மூட்டு வாய் திறக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, சரியாகும்வரை அதில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

நான் அடித்த நான்கு ஆணியில் மூன்றைப் பிடுங்கிவிட்டேன். நான்காவது துருப்பிடித்துத் தலை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. வலது பின்காலில், இருக்கைச் சட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் தடவினால் தட்டுப்படும்.