அந்திக்கு இல்லாத கோல்

சென்ற ஆண்டு நம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இரவில் பல் துலக்குவதுண்டா?" இல்லை என்றோம். நினைவு தெரிந்த நாள் முதல் காலையில் ஒருநாளும் தவறியதில்லை என்பதையும் சற்றுப் பெருமையோடு சேர்த்துக்கொண்டோம். அவர் மறுமொழி கூறாமல் கண்ணாடியைப் பிடித்து, வீங்கிச் சிவந்த ஈறுகளைக் காட்டினார்.

வீடு திரும்பியதும் கை சென்றது ஆசாரக்கோவையின் பக்கம். பெருவாயின் முள்ளியார் இயற்றிய இக்கீழ்க்கணக்கு நூல், எழுவது முதல் உறங்குவது வரை நூறு வெண்பாக்களில் ஒழுக்கம் வகுப்பது. அதில் இரு அந்திகளையும் ஒருங்கே பேசும் பாடல் ஒன்றுண்டு. காலை அந்தியில் கோல் கொண்டு பல் துலக்கி, கண் கழுவி, தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. மாலை அந்திக்கோ, நின்றுகொண்டு தொழலாகாது என்பது மட்டுமே விதி. தொழுகை இரு வேளைக்கும் உண்டு. கோல் காலைக்கு மட்டும். வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடல்தான். பல் ஒன்று போன பிறகே இது நம் கண்ணில் பட்டது.

பல் துலக்குதல் நம் மரபில் தொழுகைக்கு முற்பட்ட தூய்மை. அதனால்தான் பல் துலக்காமல் பச்சைத்தண்ணீர் குடிக்கவும் கூசும் நாம், உண்ட வாயோடு உறங்கச் சிறிதும் கூசுவதில்லை. சொற்களும் இதற்கு உடந்தை. துலக்குதல், விளக்குதல், ஈழத்தார் வழங்கும் தீட்டுதல் யாவும் பளபளப்பைக் குறித்தவை. பாத்திரத்தையும் விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். சங்கப் புலவர் எயிற்றுக்கு முருந்தையும் முல்லை அரும்பையும் முத்தையும் உவமை தேடினர். ஈறுகளுக்கென்று ஒரு வினைச்சொல்கூட வழக்கில் இல்லை.

எனினும் கோலைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆலும் வேலும் என்ற பழமொழியின் வேல் வேம்பு அன்று, வேல மரம். பலர் மயங்குமிடம் இது. இரண்டும் துவர்ப்புடையவை. குச்சியின் நுனியை மென்று நாராக்கி, கிணற்றடியில் நின்று ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் பல்லின் அடிவரை தேய்ந்திருக்கும். பின்னர் வந்த கரியும் செங்கல் தூளும் அப்படியல்ல. அவை பற்சிப்பியையே அராவிவிடும். நம் பாட்டியின் வெண்மையான பற்கள் குளிர்ந்த நீருக்குக் கூசியதன் காரணம் இப்போது விளங்குகிறது.

காலைப்பற்று நமக்கு மட்டும் உரியதன்று. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் காலைதோறும் உப்பால் பல் தேய்த்தவர். தம் பற்களின் இடுக்கிலிருந்து சுரண்டிய வெண்பொருளைத் தாமே சமைத்த உருப்பெருக்கியில் வைத்து, நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு, 1683இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். துலக்கிய வாயிலேயே அத்தனை உயிர்கள்! அப்படலமே ஈறுநோய்க்குக் காரணம் என்பதை மெய்ப்பிக்க 1965 ஆயிற்று. டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோ குழுவினர் நலமான ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் தணிந்தது.

இரவின் கணக்கு இங்கேதான் நுழைகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைகிறது. பகலெல்லாம் அமிலத்தைக் கழுவும் காவல் அப்போது இல்லை. இரவுணவின் மிச்சத்தில் நுண்ணுயிர்கள் விடியும்வரை விருந்துண்ணும். மருத்துவர் நமக்கிட்ட விதிகள் சில: மென்மையான தூரிகை, அதை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம், பல்லிடுக்குகளுக்கு நூல், அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. வெண்பாவில் அடக்கத்தக்க விதிகளே.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இரவு பத்து மணிக்கு முற்றத்தில் தூரிகையோடு நின்றோம். அம்மா கதவருகில் வந்து பார்த்தார். "விளக்கு வெச்ச பொறவு யாராவது பல்லு வெளக்குவாங்களா?" என்றார். எழுபத்தொன்று வயது; மேல்வரிசையில் நான்கு பற்கள்தாம் மிச்சம். மறுநாள் கடைத்தெருவில் அவருக்கும் ஒரு தூரிகை வாங்கினோம். அதை அவர் வாங்கி, பூசை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.