நங்கூரம் பாய்ச்சிய ஆலை

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கப்பல் கதை என்று எண்ணி உட்காரும் வாசகர்களுக்கு முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது பீர் காய்ச்சும் ஓர் ஆலையின் கதை. சொல்லுகிறவனோ அந்தப் பானத்தை வாழ்நாளில் ஒரே ஒரு வாய் அருந்தியவன். அந்த ஒரு வாயைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் என் அக்காள் மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். சரித்திர நாவல் எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி அவனுக்கு ஓர் எண்ணம். பழைய இடம் எதையாவது காட்டாவிட்டால் மாமாவுக்குத் திருப்தி ஏற்படாது என்று நினைத்தான் போலிருக்கிறது.

"மாமா, நம்ம ஊர் மாதிரி ஆயிரம் வருஷத்துக் கோயிலெல்லாம் இங்கே கிடையாது. நூற்றிருபது வருஷத்து ஆலை ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறீர்களா?" என்றான்.

"என்ன ஆலை?"

"வந்து பாருங்களேன்" என்று சிரித்தான்.

பொட்ரேரோ குன்றின் மேல் மரிபோஸா வீதியில் நின்றது அந்தக் கட்டடம். வாசலில் நங்கூரம் பொறித்த சின்னம். 'ஆங்க்கர்' என்றால் நங்கூரம்தானே! வீதியில் கால் வைத்ததுமே ஒரு வாசனை வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறையில் முதல்நாள் இரவு அரைத்து மூடிவைத்த மாவுப் பாத்திரத்தை விடியற்காலையில் திறந்தால் ஒரு வாசனை வருமே, அதற்குப் பெரியப்பா மகன் என்று சொல்லத் தகுந்த வாசனை.

நான் வேடிக்கைக்காக இப்படிச் சொல்லவில்லை. மார்கழி மாதத்தில் மாவு புளிக்கவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் படும் கவலைதான் இந்த ஆலையின் கதைக்கே ஆணிவேர். பார்லியை முளைகட்டி, வறுத்து, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை 'ஹாப்ஸ்' என்ற கசப்புப் பூவோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் பீர். ஜெர்மானியர்கள் குளிரில் மெல்லப் புளிக்கும் ஒருவகை ஈஸ்டைப் பழக்கி வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் காய்ச்சினால் பானம் கெட்டுப்போகும் என்பதற்காக, பவேரியாவில் 1553-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரையில் காய்ச்சவே கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. ஆகவே பீர் காய்ச்சுவது நெடுங்காலம் குளிர்காலத்துத் தொழிலாகவே இருந்தது.

1849-ல் தங்கம் தேடி உலகமே கலிபோர்னியாவுக்கு ஓடிவந்தது. ஜெர்மன்காரர்களும் வந்தார்கள், தங்கள் ஈஸ்டையும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பனிக்கட்டி ஏது? மலையிலிருந்து கொண்டுவர வேண்டும், கட்டுப்படியாகாது. அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஆழமில்லாத அகன்ற தொட்டிகளில் சாற்றைப் பரப்பிவிட்டார்கள். பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் மூடுபனியும் பனிக்கட்டியின் வேலையைச் செய்தன. இப்படிப் பிறந்ததுதான் 'ஸ்டீம் பீர்'. பெயர்க் காரணத்துக்குப் பல கதைகள் உண்டு. பெயர் எப்படி வந்தாலும், அது ஏழைத் தொழிலாளியின் பானமாகவே இருந்தது.

அந்த ஆலைகளில் ஒன்றை 1896-ல் எர்ன்ஸ்ட் பாரூத் என்பவரும் அவர் மருமகன் ஆட்டோ ஷிங்கல் என்பவரும் வாங்கி, நங்கூரம் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் நங்கூரம், வாழ்க்கையோ அலைமேல் துரும்பு! 1906-ல் பாரூத் திடீரென்று காலமானார். சில வாரங்களில் ஸான் பிரான்ஸிஸ்கோவின் பெரும் பூகம்பம். அதைத் தொடர்ந்த தீயில் ஆலை சாம்பலாயிற்று. 1907-ல் வேறிடத்தில் மறுபடி கட்டினார்கள். ஷிங்கல் டிராம் வண்டி விபத்தில் மாண்டார். 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு, கதவை மூடினார்கள். 1933-ல் சட்டம் ரத்தாயிற்று, திறந்தார்கள். மறு ஆண்டே மீண்டும் தீ! நாவலில் நான் இப்படி எழுதினால், "ஒரு குடும்பத்துக்கு எத்தனை துன்பத்தைத்தான் ஐயா கொடுப்பீர்?" என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

தீயையும் பூகம்பத்தையும் தாண்டிய அந்த ஆலையால் இன்னொன்றைத் தாண்ட முடியவில்லை. ருசி மாறிற்று. பெரிய ஆலைகள் ரயிலிலும் லாரியிலும் நாடெங்கும் ஒரே மாதிரியான, வெளுத்த, சாதுவான பீரை அனுப்பின. 1873-ல் அமெரிக்காவில் 4,000-க்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. 1970-களின் இறுதியில் 100-க்கும் குறைவு. நங்கூரத்தை 1959-ல் ஒருமுறை மூடினார்கள்; 1960-ல் லாரன்ஸ் ஸ்டீஸ் என்பவர் எடுத்து நடத்தினார். சரக்கு அடிக்கடி புளித்துப்போயிற்று. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

1965-ஆம் ஆண்டு. வட கடற்கரைப் பேட்டையில் ஓர் உணவு விடுதி. அதற்குச் சொந்தக்காரர் பிரெட் கூ. அங்கே வழக்கமாக வந்து இந்த நங்கூர பீரைக் கேட்டு வாங்கும் ஓர் இளைஞர் உண்டு. பெயர் பிரிட்ஸ் மேடாக். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பெயர்போன மேடாக் குடும்பத்துப் பிள்ளை. கூ அவரிடம் சொன்னார்: "உமக்குப் பிடித்த ஆலையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாரும். அதை மூடப் போகிறார்கள்."

மேடாக் போனார். பார்த்தார். சில ஆயிரம் டாலருக்கு ஆலையில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கை வாங்கிவிட்டார்!

ஒருவர் ஒரு ஆலையைப் பார்க்கப் போனார், அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்த ஒரு நடையிலிருந்து எத்தனை விளைந்தது என்பதைக் கவனியுங்கள். மேடாக் பாத்திரங்களைச் சுத்தம் செய்யக் கற்றார். புளித்துப் போவதற்கு அசுத்தமே காரணம் என்று கண்டார். பார்லியைத் தவிர மலிவுச் சரக்கு எதையும் கலப்பதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். 1969-ல் முழு ஆலையும் அவருடையதாயிற்று. 1971-ல் புட்டியில் அடைக்கத் தொடங்கினார். ஏறக்குறையப் பத்தாண்டு நஷ்டத்துக்குப் பிறகே லாபத்தின் முகத்தைப் பார்த்தார்.

1975-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். முன்காலத்தில் ஐரோப்பியர்கள் பண்டிகைக்கென்று விசேஷமாகக் காய்ச்சுவார்களே, அந்த வழக்கத்தை நினைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் ஏல் ஒன்றைக் காய்ச்சினார். அது முதல் ஆண்டுதோறும் நவம்பரில் அது வெளிவரும். ஆண்டுதோறும் பக்குவம் மாறும். என்ன சேர்த்தார்கள் என்று சொல்லமாட்டார்கள். சீட்டில் ஒரு மரத்தின் படம். அதுவும் ஆண்டுக்கு ஒரு மரம். ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மரங்களைக் கையால் வரைந்தார்.

இந்த ஆலையைப் பார்த்துத் துணிவு பெற்றவர்கள் பலர். ஜாக் மக்காலிப் என்பவர் 1976-ல் ஸொனோமாவில் 'நியூ ஆல்பியன்' என்று ஒரு சிறு ஆலை தொடங்கினார். அது 1982-ல் மூடிப்போயிற்று. ஆனால் விதை விழுந்துவிட்டது. அதே 1976-ல் சிறு ஆலைகளுக்கு அமெரிக்க அரசாங்கம் வரியைக் குறைத்தது. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி வீட்டிலேயே பீர் காய்ச்சுவது குற்றமில்லை என்றாயிற்று. 1980-ல் சிக்கோ என்ற சிற்றூரில் 'ஸியரா நெவாடா' பிறந்தது. ஊருக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஒரு ருசி என்று பெருகி, 2023-ல் அமெரிக்காவின் ஆலைகள் 9,000-ஐத் தாண்டிவிட்டன.

இனி என் ஒரு வாய்க்கு வருகிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் பளபளத்த தாமிரக் கொப்பரைகளையும், அகன்ற தொட்டிகளில் நுரை பொங்கிக் கிடந்ததையும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் புட்டி ஒன்றைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் பிறந்த ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு புட்டி வாங்கி நிலவறையில் வைப்பாராம். "பிள்ளைகள் வளர்ந்ததைச் சுவரில் கோடு போட்டு அளப்பார்கள், நான் மரங்களைக் கொண்டு அளக்கிறேன்" என்றார். என் மருமான் ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினான். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் மறுக்க மனமில்லை. கருகிய வெல்லப்பாகும் சுக்கும் கலந்த கஷாயம்போல் இருந்தது. எங்கள் பாட்டி பனிக்காலத்தில் கொடுப்பாளே, ஏறக்குறைய அதே மாதிரி! கோப்பையைத் திருப்பி நகர்த்திவிட்டேன். ஆனால் அந்தச் சூடு நெஞ்சில் சற்று நேரம் நின்றது.

நான் பார்த்தபோதே ஆலை மேடாக்கின் கையில் இல்லை. 2010-ல் அவர் விற்றுவிட்டார்; 2017-ல் ஜப்பானின் ஸப்போரோ கம்பெனி வாங்கியிருந்தது. 2019-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2021-ல் பழைய சீட்டுகளை மாற்றிப் புதிய மோஸ்தரில் அச்சிட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2023 ஜூன் மாதம், இனிக் கிறிஸ்துமஸ் ஏல் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. மறுமாதம் ஆலையையே மூடுவதாக அறிவித்தார்கள். பூகம்பம் அசைத்தும் தீ எரித்தும் முடியாத 127 ஆண்டு வாழ்வு, கணக்குப் புத்தகத்தில் முடிந்தது.

அந்த ஜூலையில் மருமான் தொலைபேசியில் பேசினான். வீதியெல்லாம் ஜனம், கடைசிப் புட்டிக்காக வரிசை, கண் கலங்கியவர்களும் உண்டு. தொழிலாளர்கள் தாங்களே கூட்டுறவாகச் சேர்ந்து ஆலையை வாங்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

"நீயும் வரிசையில் நின்றாயா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். "நின்றேன் மாமா. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? உங்களோடு போனேனே, அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்."

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் ஊரில் ஒரு சோடா பாக்டரி இருந்தது. கோலி வைத்த புட்டி. கட்டை விரலால் அமுக்கினால் 'டுப்' என்று சத்தம். சிறுவயதில் அதற்காக அழுதிருக்கிறேன். அது மூடிய செய்தி கேட்டு உருக்கமாக ஒரு கட்டுரைகூட எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும், பாக்டரிக்காரரின் மகன், "தாங்கள் எங்கள் சோடாவைக் கடைசியாக எப்போது வாங்கினீர்கள்?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். கணக்குப் பார்த்தேன். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

கூட்டம் கூடிய அந்த ஜூலை மாதத்து ஜனங்கள், மழை தூறும் ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் வந்திருக்க வேண்டும். பண்டிகை நாளில் யாரும் வருவார்கள். பண்டிகை கழிந்து, குளிர் மட்டும் பாக்கியிருக்கும் நாட்களில்தான் சிறு தொழில்காரன் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். 1965-ல் மேடாக் பார்க்கப் போனது துக்கம் விசாரிக்க அல்ல; மூடுவதற்கு முன்னால் போனார். வித்தியாசம் அவ்வளவுதான்.

2024 மே மாதக் கடைசியில், தயிர் வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஹம்தி உலுகாயா என்பவர் அந்த ஆலையை விலைக்கு வாங்கினார். மறுபடி உயிர் கொடுப்பேன் என்று சொன்னார். தயிர்க்காரருக்குப் புளிக்க வைக்கும் வித்தையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த மட்டில் நல்ல சகுனம்தான்.

இதை எழுதி முடிக்கும்போது உள்ளேயிருந்து, "இந்தப் பனியில் மாவு பொங்கவே இல்லை" என்று குரல் வருகிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி அடுப்பு மூட்டி இட்லி விற்கிறாள். பனிக்காலத்தில் அவளிடம் கூட்டம் குறைவு. இன்று அங்கே போய் வாங்கிவரலாம் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.